சாம்பல் பூத்த பீ பாம் செடியைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி, 2022 ஜூலை 9

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனுக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்பக்க வேலியோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி கூட்டமாக நிற்கிறது. வெளிர் ஊதாப் பூ, எண்ணெய் வைக்காத தலை மாதிரி நாலாபுறமும் சிலிர்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பீ பாம் என்றார். கீழ் இலையெல்லாம் கோலமாவு தூவினது போல வெள்ளை. தேனீக்கான செடி என்கிறார்கள், நான் பார்த்தவரை ஒரு தேனீகூட உட்காரவில்லை. பக்கத்திலேயே பரங்கிக்கொடி போட்டிருக்கிறேன், அதற்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பிடுங்கிவிட்டுப் புல்தரை போடலாமா?

பதில், 2022 ஜூலை 9, இரவு

பிடுங்காதீர்கள். நாளை ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். தண்டை விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், துளசித்தண்டு போல நாலு பட்டையாக இருக்கும், உருளாது. வாசனை ஓமம் மாதிரி இருந்தால் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

2022 ஜூலை 10

ஓமம்தான் என்கிறீர்கள். அப்படியானால் அது மொனார்டா ஃபிஸ்டுலோசா, இங்கே வைல்ட் பெர்கமாட் என்பார்கள். பீ பாம் என்பது இந்தச் சாதி முழுவதற்கும் பொதுப்பெயர். நர்சரியில் ரத்தச் சிவப்பாக விற்கிற மொனார்டா டிடிமா இதற்கு ஒன்றுவிட்ட அக்கா. அது கிழக்கே அப்பலேச்சியன் பக்கத்து ஓடைக்கரைச் செடி, காலடியில் ஈரம் வேண்டும். உங்களுடையது புல்வெளிச் செடி. விஸ்கான்சினில் சாலையோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் யாரும் நடாமலே நிற்கும். மைனஸ் இருபத்தைந்து டிகிரியில் செத்த மாதிரி கிடந்து, ஏப்ரலில் வேரிலிருந்து மறுபடி எழும்.

புதினா, துளசி, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் சேர்ந்த குடும்பம் இது. கற்பூரவள்ளிக்கு நம் ஊரில் ஓமவல்லி என்றும் பேர் இருக்கிறதே, அதே காரணம்தான். இந்த இலையின் எண்ணெயில் தைமால், கார்வக்ரால் என்கிற இரண்டு மணப்பொருளும் உண்டு. ஓமத்தின் மணம் தைமால், ஓமவல்லியின் மணம் பெரும்பாலும் கார்வக்ரால். இங்கே வந்த முதல் வருடம் ஒரு நடைபாதையோரம் இதன் இலையைக் கசக்கியபோது, சின்ன வயதில் வயிற்றுவலிக்கு அம்மா ஊற்றிய ஓமத்தண்ணீர் அப்படியே தொண்டைக்கு வந்தது. அன்றிலிருந்து இதை விடவில்லை.

தேனீ விஷயம். நீங்கள் தேடியது பழுப்பு நிற ஹனி பீயை என்று நினைக்கிறேன். அது இந்த மண்ணில் பிறந்ததல்ல, 1622இல் ஐரோப்பியர்கள் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தது. அதன் நாக்கு ஆறேழு மில்லிமீட்டர்தான். இந்தப் பூவின் குழல் அதைவிட நீளம், அடியில் இருக்கிற தேன் அதற்கு எட்டாது, அதனால் ஹனி பீ இதில் உட்காராது. கொழுகொழுவென்று ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு, நாற்காலி போட்டு, இருபது நிமிடம்.

2022 ஜூலை 10, சற்று நேரம் கழித்து

பரங்கிக்குப் பயப்பட வேண்டாம். பரங்கி, பூசணி இலையில் வரும் சாம்பல் நோய் வேறு இனப் பூஞ்சை. இதிலிருந்து அதற்குத் தாவாது. பரங்கிக்கு ஆகஸ்டில் அது தானாகவே வரும், அப்போது இந்தச் செடியைத் திட்டக்கூடாது.

2022 ஜூலை 13

ஒரு திருத்தம். ஹனி பீ உட்காராது என்று எழுதியது தவறு. இன்று காலை என் வீட்டுச் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஹனி பீ வந்தன. ஆனால் பூவின் வாய்ப்பக்கம் போகவே இல்லை. நேராகக் குழலின் அடிப்பக்கம் போய், பக்கவாட்டில் நாக்கை விட்டன. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், அங்கே ஊசி குத்தினது போலச் சின்னக் கீறல். அதை ஹனி பீ போடவில்லை. நாக்குக் குட்டையான சில பம்பிள் தேனீக்களும் சில குளவிகளும் குழலின் அடியைக் கடித்துத் தேனை எடுக்கும். அந்த ஓட்டையில் பின்னால் வருகிறவர்களும் குடித்துக்கொள்வார்கள். மகரந்தத்தைத் தொடாமல் தேன் மட்டும் போகிறது, அதனால் இதைத் தேன் திருட்டு என்பார்கள்.

எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் தும்பைப் பூவைப் பிடுங்கி அடிக்காம்பை வாயில் வைத்து உறிஞ்சியவர்கள்தானே நாம். அதே குடும்பத்துப் பூ, அதே அடிப்பக்கம்.

2022 ஜூலை 14

இருபது நிமிடம் உட்கார்ந்ததில் பதினொரு பம்பிள் தேனீ என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். முன்பு நீங்கள் பார்த்ததெல்லாம் வேலை முடிந்து வந்த பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு, சமையலறை ஜன்னல் வழியாக. அங்கிருந்து தெரியாதுதான்.

2022 ஜூலை 20

சாம்பல் நோய் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில் நான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

முதல் வருடம் வெள்ளையைப் பார்த்ததும் எனக்கும் பதற்றம். ஊரில் அப்பா வெண்டைக்குப் புளித்த மோர் கரைத்துத் தெளிப்பார். மோருக்குப் பதில் பாலைப் போடலாம் என்று படித்து, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தேன். மேல் இலையில் வெள்ளை கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. ஏற்கெனவே பிடித்த கீழ் இலையில் ஒரு மாற்றமும் இல்லை. வெள்ளை வருவதற்கு முன்பே, நல்ல வெயிலில் தெளித்திருந்தால்தான் பலன் இருந்திருக்கும். நான் தெளித்ததோ வேலைக்குப் போவதற்கு முன், விடியற்காலையில். பூவோடு சேர்த்து நனைத்துவிட்டேன். பூவில் தூங்கிக்கொண்டிருந்த தேனீக்கள் பாலில் நனைந்து, இறக்கையை விரிக்க முடியாமல் கால் தடவிக்கொண்டிருந்தன. அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றோடு தெளிப்பானை எடுத்து வைத்தேன். வேப்பெண்ணெயும் பூவிருக்கும்போது வேண்டாம், அதே காரணம்.

இரண்டாம் வருடம் எதிர்ப்பக்கம் போனேன். நோய் என்றால் ஈரம் என்று நினைத்துத் தண்ணீரையே நிறுத்தினேன். இன்னும் மோசமானது. மற்றப் பூஞ்சைகள் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வேர் காய்ந்து செடி வாடியிருக்க வேண்டும், ராத்திரிக் காற்றில் ஈரப்பதம் வேண்டும், செடிக்குள் காற்றோட்டம் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். விஸ்கான்சின் ஜூலை கடைசி அப்படித்தான்.

இப்போது செய்வது இவ்வளவுதான். மே மாதம் தண்டுகள் முழங்கால் உயரம் வரும்போது மூன்றில் ஒன்றை அடியோடு வெட்டிவிடுகிறேன், நடுவில் காற்று போகிறது. மழை இல்லாத வாரம் வேரில் மட்டும் தண்ணீர். முன்வரிசையில் உயரம் குறைவான புல் வைத்துக் கீழ் இலையை மறைத்திருக்கிறேன். வெள்ளை வருகிறது, வந்துவிட்டுப் போகிறது. இத்தனை வருடத்தில் ஒரு செடிகூட அதனால் சாகவில்லை, பூ குறையவும் இல்லை. தேனீ பூவுக்கு வருகிறது, இலையைப் பார்க்க வருவதில்லை.

2022 ஜூலை 21

கூடுதலாக ஒன்று. நோய் தாங்கும் ரகம் வேண்டுமென்று கேட்டீர்கள். உங்களிடம் இருப்பதை விட்டுவிட்டு வாங்க வேண்டாம் என்பேன். புதிதாக வைப்பதாக இருந்தால் கிளேர் கிரேஸ் என்கிற ரகம் நல்லது, அதுவும் இதே ஃபிஸ்டுலோசாதான். டெலவேரில் மவுன்ட் கியூபா சென்டர் என்ற தாவரத்தோட்டம் மொனார்டா ரகங்களைச் சில வருடம் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டது, அதில் இது முன்வரிசை. சிவப்பில் ஜேக்கப் கிளைன் என்ற ரகத்துக்குத்தான் ஹம்மிங் பறவை அதிகம் வந்தது.

2022 ஆகஸ்ட் 3

ஹம்மிங் பறவையைத் தேன்சிட்டு என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம், அது பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நின்று குடிக்கும். நொடிக்கு ஐம்பது முறை இறக்கை அடிப்பு, உடம்பு மூன்று கிராம் சொச்சம். உங்களுக்கு வந்தது சிவப்புத் தொண்டை ஹம்மிங் பறவை, இந்தப் பக்கத்தில் கூடு கட்டுவது அது ஒன்றுதான். செப்டம்பர் முடிவதற்குள் கிளம்பிவிடும். அதில் பல மெக்சிகோ வளைகுடாவை எண்ணூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் கடக்கும். அந்தப் பயணத்துக்கு முன்னால் உங்கள் வேலியோரத்தில் ஒரு வாய் குடித்துப் போகிறது.

அப்புறம் உங்கள் பையன் பார்த்த "குட்டி ஹம்மிங் பறவை, மீசை இருக்கிறது" என்பது பறவையே இல்லை, ஹெமாரிஸ் என்கிற அந்துப்பூச்சி. பகலில் பறக்கும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது இறக்கையில் செதில் இருக்கும், முதல் பறத்தலிலேயே உதிர்ந்து கண்ணாடியாகிவிடும். மீசையைக் கவனித்தானே, கெட்டிக்காரன்.

2022 ஆகஸ்ட் 14

இன்று பல்கலைக்கழகத்தின் ஆர்போரேட்டம் என்கிற தாவரத்தோட்டத்தில் கர்ட்டிஸ் ப்ரேரிக்குப் போய்விட்டு வந்தேன். எழுபது ஏக்கருக்கு மேல். உழுது, மாடு மேய்ந்து சலித்த நிலத்தில், மனிதர் கையால் மறுபடி உண்டாக்கிய புல்வெளி. இந்த வகையில் உலகிலேயே பழையது. ஆர்போரேட்டம் 1934இல் திறந்தது, இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் அங்கே இருந்தார். அடுத்த வருடத்திலிருந்து வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் நடத்திய முகாமின் ஆட்கள் மண்வெட்டியோடு செடி நட்டார்கள். அவர்கள் கைபட்ட மண்ணில் இன்று வைல்ட் பெர்கமாட் தோள் உயரம் நிற்கிறது.

நான் போனது ஒரு பூச்சிக்காக. துருப்புள்ளி பம்பிள் தேனீ, பாம்பஸ் அஃபினிஸ். முன்பு கிழக்கு அமெரிக்கா முழுக்கச் சாதாரணமாகத் திரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சரிந்து, இருந்த இடங்களில் சுமார் 87 சதவீதத்தில் காணாமல் போனது. 2017இல் அழிந்துவரும் உயிர்ப் பட்டியலில் சேர்த்தார்கள், அமெரிக்காவில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் தேனீ. மிச்சம் இருக்கிற சில இடங்களில் மேடிசனும் ஒன்று. அது விரும்பி வரும் செடிகளில் இந்த மொனார்டா முக்கியமானது. வேலைக்காரத் தேனீயின் முதுகில் மஞ்சள் பட்டைக்கு நடுவில் சின்னதாகத் துரு நிறம் இருக்கும், ராணிக்கு அது இருக்காது.

மூன்று மணி நேரம் நின்றேன். பார்த்தேனா என்றால், ஒன்றைப் பார்த்த மாதிரி இருக்கிறது, சத்தியம் செய்ய மாட்டேன். போட்டோ மங்கலாக விழுந்துவிட்டது.

2022 ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதில் பிழை. முதல் தேனீ என்று சொன்னது சரியில்லை. ஹவாயில் மஞ்சள் முகத் தேனீக்கள் ஏழு இனம் 2016இலேயே பட்டியலில் ஏறிவிட்டன. அமெரிக்கப் பெருநிலத்தில் முதல், பம்பிள் தேனீக்களில் முதல் என்று திருத்திப் படியுங்கள்.

2022 ஆகஸ்ட் 28

டுஃபூரியா மொனார்டே என்று ஒரு சின்னக் கறுப்புத் தேனீ இருக்கிறது, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் குஞ்சுக்கு மொனார்டா மகரந்தம் மட்டும்தான் உணவு. வேறு பூ ஆயிரம் இருந்தாலும் அதற்கு ஆகாது. மண்ணில் குழி தோண்டி வாழும். இந்தச் செடி போன இடத்தில் அதுவும் போகும். பிடுங்காதீர்கள் என்று முதல் நாள் ஒரு வரியில் எழுதியபோது என் மனதில் இருந்தது இதுதான்.

2022 அக்டோபர் 9

காய்ந்த தலைகளை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கோல்ட்ஃபின்ச் பறவைகள் தலைகீழாகத் தொங்கி விதை பொறுக்கும். விதை வேண்டுமென்றால் ஒரு தலையைக் காகிதப் பையில் கவிழ்த்துத் தட்டுங்கள், கடுகைவிடச் சின்னதாக, பழுப்பாக உதிரும்.

தண்டையும் வசந்தத்தில்தான் வெட்ட வேண்டும், அதுவும் அடியோடு அல்ல. ஃபிஸ்டுலோசா என்றாலே குழல் போன்றது என்று பொருள். முழங்கால் உயரம் விட்டு மேலே வெட்டினால், அந்தக் குழலில் சிறு தேனீக்கள் முட்டையிடும். மே மாதம் வெட்டும் மூன்றில் ஒன்று புதுத் தண்டு, இது பழைய தண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2023 ஜனவரி 16

வெளியே பனி முழங்கால் அளவு. ஆடியில் பறித்துக் காயவைத்த இலையில் டீ போட்டுக் குடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு கோப்பைக்கு ஒரு சிட்டிகை போதும், அதிகமானால் நாக்கு மரத்துவிடும், தைமால் வேலை அது.

ஏர்ல் கிரே டீயில் இருப்பது இதுதானே என்று கேட்டிருந்தீர்கள், இல்லை. அந்த பெர்கமாட் ஒரு நார்த்தங்காய் மாதிரிப் பழம், அதன் தோலில் எடுக்கிற எண்ணெய். வாசனை ஒத்திருக்கிறதென்று இந்தச் செடிக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். எனக்கு ஒத்திருப்பதாகவே படவில்லை, ஓமம் தெரிந்த மூக்குக்கு ஓமம்தான் தெரியும். மொனார்டா என்ற பேரும் ஸ்பெயினில் செவில் நகரத்து வைத்தியர் நிக்கோலஸ் மொனார்டெஸ் என்பவருடையது. பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்க மூலிகைகளைப் பற்றி எழுதியவர், அமெரிக்காவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஜிப்வே, மெனாமினி, ஹோ-சங்க் மக்கள் சளிக்கும் தோல் கோளாறுக்கும் இந்த இலையைக் கைக்கொண்டு பல தலைமுறை ஆகியிருந்தது. அவர்கள் வைத்த பேர்கள் அறிவியல் பேரில் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

சிவப்பு அக்கா டிடிமாவுக்கு ஆஸ்வீகோ டீ என்று ஒரு பேர். ஜான் பார்ட்ரம் என்கிற தாவரவியலாளர் நியூயார்க்கில் ஆஸ்வீகோ பக்கம் விதை எடுத்து 1744இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய பிறகு, இறக்குமதித் தேயிலைக்குப் பதில் இதைப் போட்டுக் குடித்தவர்கள் உண்டு.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் உலகப் போருக்கு முன் தைமாலைப் பெரும்பாலும் ஜெர்மனியில்தான் செய்தார்கள், மூலப்பொருள் இந்தியாவிலிருந்து கப்பலில் போன ஓமம். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு நோய்க்கு தைமால்தான் மருந்து. போர் வந்ததும் வரத்து நின்றது. உடனே வேளாண்துறை மொனார்டா பங்டாட்டா என்கிற இன்னொரு தங்கையைப் பயிரிட்டு எண்ணெய் எடுத்துப் பார்த்து 1916இல் அறிக்கை போட்டது. ஓமம் வராத இடத்தில் இந்தக் குடும்பத்தைத்தான் தேடிப் போனார்கள். மூக்கு சொன்னது சரிதான்.

2023 ஜனவரி 17

மேலே "ஆடியில் பறித்து" என்று எழுதிவிட்டேன், கை பழக்கம். ஜூலை தொடக்கத்தில், பூ விரிவதற்குக் கொஞ்சம் முன் என்று கொள்ளுங்கள்.

விதை போட இதுதான் நேரம். ஒரு கேலன் பால் கேனை இடுப்பில் வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, நாலு விரல்கடை மண் நிரப்பி, விதையை மேலாகத் தூவி லேசாக அழுத்துங்கள். மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடியைத் திருகாமல் வெளியே பனியில் வைத்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் முளைக்கும். பூ அநேகமாக இரண்டாம் வருடம்தான்.

2023 மே 21

எங்கள் முந்தைய ஊரில், செடி எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது, பத்து நாளில் வெட்டாவிட்டால் அபராதம் என்று கடிதம் வந்தது. அலுவலகத்துக்குப் போய், இது களை அல்ல, இந்த மண்ணின் பூச்செடி என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள், வெட்டச் சொன்னார்கள். பூ மொட்டு வைத்த நேரத்தில் என் கையாலேயே வெட்டினேன். அதனால் சொல்கிறேன், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு அடி அகலத்துக்குப் புல்லை ஒழுங்காக வெட்டி, ஓரத்தில் கல் வரிசை வைத்துவிடுங்கள். வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு தொட்டியில் நாற்று எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்.

மே கடைசியில் வெளிவரிசைத் தண்டுகளைப் பாதி உயரத்துக்குக் கிள்ளிவிடலாம். அவை குட்டையாக நின்று இரண்டு வாரம் தள்ளிப் பூக்கும். நடுவில் முடியும்போது ஓரத்தில் தொடங்கும்.

2023 ஜூலை 23

நீங்கள் கொடுத்த நாற்று எதிர்வீட்டிலும் பூத்துவிட்டது என்று படித்தேன். பையன் பூத்தலையைக் கவனித்துச் சொன்னதும் சரி. நடுவில் முதலில் விரிந்து, வட்டம் வெளியே வெளியே போகும், கடைசியில் நடு வழுக்கையாக ஒரு வளையம் மட்டும் நிற்கும். ஒவ்வொரு பூவிலும் முதலில் இரண்டு மகரந்தத்தாள் முதிரும், அது முடிந்த பிறகுதான் சூல்முடி இரண்டாகப் பிளக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமலிருக்கச் செடி வைத்திருக்கிற ஏற்பாடு.

2023 ஆகஸ்ட் 6, காலை 5.50

மழை இல்லாத ஏழாவது நாள். தண்ணீர் விடக் குழாயை இழுத்துக்கொண்டு போனேன். பூத்தலைகளின் அடிப்பக்கம் நாலு பம்பிள் தேனீ, கவிழ்ந்து பிடித்தபடி தூங்குகின்றன. ஆண்கள்தான், கோடை முடிகிற சமயம் கூட்டுக்குத் திரும்பாமல் பூவிலேயே இரவைக் கழிக்கும். ரோமத்தில் பனித்துளி நிற்கிறது. ஒன்றின் முதுகில் மஞ்சளுக்கு நடுவே துரு நிறம் மாதிரி இருக்கிறது, இந்த வெளிச்சத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

குழாயைக் கீழே வைத்துவிட்டேன். வெயில் வேலியைத் தாண்டி வரட்டும்.